கோபம் தணிந்த பிறகும் நிற்கும் குறை

(பாளையங்கோட்டையில் ஒரு வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். பழைய சூப்பர்ஹீரோ படங்களைப் பற்றி ரசிகர்கள் கொண்டிருக்கும் கருத்துகளைப் பேச அழைத்திருக்கிறீர்கள். பேச்சை ஒரு கொடைப் பந்தலிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் ஊர்ச் சுடலைமாடன் கோயில் கொடையில் நள்ளிரவு தாண்டி வில்லுப்பாட்டு நடந்துகொண்டிருந்தது. முன்வரிசையில் துண்டை விரித்துப் படுத்திருந்த பெரியவர் ஒருவர் சட்டென்று எழுந்து உட்கார்ந்து, "ஏ அண்ணாவி, மாடன் விளக்குச் சுடர்ல பிறந்ததை முழுங்கிப்புட்டீரே" என்றார். அண்ணாவி வீசுகோலை நிறுத்திச் சிரித்துவிட்டு, விட்ட இடத்துக்குத் திரும்பிப் போய்ப் பாடினார். அதே அண்ணாவி குடத்துக்குப் பக்கத்தில் கீபோர்டு வைத்திருந்ததையும், நடுவே சினிமா மெட்டில் இரண்டு அடி எடுத்துவிட்டதையும் அந்தப் பெரியவர் ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. எதை மாற்றினால் பொறுத்துக்கொள்வது, எதை மாற்றினால் எழுந்து உட்காருவது என்பதில் அவரிடம் தெளிவான கணக்கு இருந்தது.

சூப்பர்ஹீரோ ரசிகரிடமும் அத்தகைய கணக்கு உண்டு. ஆனால் அது வெளியே தெரிய நாளாகும். பெரியவர் பாட்டைக் கேட்டுவிட்டுக் கோபப்பட்டார். இவரோ படம் வருவதற்கு முன்பே கோபப்பட்டுவிடுகிறார். முன்கூட்டி எழும் கோபம் பெரும்பாலும் உடையையும் உயரத்தையும் முகத்தையும் பற்றியது. படம் வெளிவந்து இருபது ஆண்டு கழிந்த பிறகும் கரையாமல் கிடக்கும் குறை, பெரும்பாலும் கதையின் பிறப்பை, அதாவது நாயகன் எதனால் நாயகனானான் என்பதைப் பற்றியது. இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

1989 ஆம் ஆண்டு டிம் பர்ட்டன் இயக்கிய 'பேட்மேன்' படத்தை எடுத்துக்கொள்வோம். அதுவரை நகைச்சுவைப் படங்களால் அறியப்பட்டிருந்த மைக்கேல் கீட்டனை நாயகனாக அறிவித்தபோது, வார்னர் நிறுவனத்துக்கு ஏறத்தாழ 50,000 எதிர்ப்புக் கடிதங்கள் வந்ததாகச் சொல்வார்கள். தாடை போதாது, உயரம் போதாது, சிரிப்பு நடிகருக்கு ஏன் கறுப்பு அங்கி என்பன அந்தக் கடிதக்காரர்களின் கேள்விகள். படம் வந்ததும் அக்கேள்விகள் அடங்கிவிட்டன. அந்த ரப்பர் முகமூடிக்குள் கீட்டனால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. பக்கவாட்டில் பார்க்க வேண்டுமென்றால் தோளும் மார்பும் சேர்ந்தே திரும்ப வேண்டும். உடை தைத்ததில் இருந்த அந்தக் குறைபாடு, திரையில் அவருக்கு ஒரு சிலையின் கம்பீரத்தைக் கொடுத்துவிட்டது. இன்றைக்கு ரசிகர்கள் அந்தத் திரும்பலைத்தான் வியந்து பேசுகிறார்கள். (நான் முதன்முதலில் இப்படத்தை வாடகைக் கேசட்டில் பார்த்தேன். பலமுறை பதிவு எடுத்து நைந்த அந்த நாடாவில், கறுப்புக்குள் கறுப்பு நடமாடியது மட்டுமே தெரிந்தது. கழுத்தையும் காணோம், தாடையையும் காணோம்.)

கீட்டன் மீதான கோபம் இப்படிப் போயிற்று. போகாதது ஒன்று உண்டு. அந்தப் படத்தில் புரூஸ் வெய்னின் (பேட்மேனின் இயற்பெயர் அதுதான்) பெற்றோரைச் சுட்டவன், படத்தின் வில்லனான ஜோக்கர்தான், அவனுடைய இளவயதில் என்று காட்டியிருப்பார்கள். மூலமான காமிக்ஸில் அப்படி இல்லை. 1939 இல் வரைந்த பிறப்புக் கதையில் அந்தக் கொலைகாரன் யாரோ ஒரு வழிப்பறிக்காரன்; அவனுக்குப் பெயர்கூடக் கிடையாது. ஜோ சில் என்ற பெயர் 1948 இல்தான் வந்தது. பெயரில்லாத ஒருவன் சுட்டதனால்தான் அந்தச் சிறுவன் குற்றம் என்பதையே பகையாக வரித்துக்கொண்டான். கொன்றவன் இன்னான் என்று தெரிந்து, அவனும் கடைசியில் கோபுர உச்சியிலிருந்து விழுந்து செத்தும் போய்விட்டால், கணக்குத் தீர்ந்துவிட்டது. மறுநாள் இரவு அவர் ஏன் மொட்டைமாடியில் நிற்க வேண்டும்? ஜோக்கராக வந்த ஜாக் நிக்கல்சனின் நடிப்பைக் கொண்டாடுகிற ரசிகர்களும் இந்த இடத்தில் முகம் சுளிக்கிறார்கள். அவர்கள் பக்கம்தான் நானும் நிற்கிறேன்.

பிறப்பை மாற்றினால் கதையின் பொருளே மாறிவிடும் என்பது நம் சீமைக்குப் புதிய செய்தியன்று. வில்லுப்பாட்டில் பாடும் முத்துப்பட்டன் கதையில், பிராமணனான பட்டன் மணந்த பொம்மக்காவும் திம்மக்காவும் அருந்ததியர் குலத்திலேயே பிறந்தவர்கள் என்று பாடும் பாடம் இருக்கிறது. பிராமணக் குழந்தைகளாகப் பிறந்து, காட்டில் கிடந்து, எடுத்து வளர்க்கப்பட்டவர்கள் என்று திருத்திப் பாடும் பாடமும் இருக்கிறது. இரண்டாவது பாடத்தில் பட்டன் எதையும் மீறவில்லை; அவன் செய்த திருமணத்தின் துணிச்சல் முழுவதும் ஆவியாகிவிடுகிறது. நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை இந்தப் பாட வேறுபாட்டைச் சுட்டிக்காட்டிப் பேசியவர்.

ஆனால் மூலம் என்பதும் ஒரே அடுக்காக இருப்பதில்லை. "பேட்மேன் கொல்லமாட்டார், பர்ட்டனின் பேட்மேன் கொல்கிறாரே" என்பது இன்னொரு நெடுநாள் குறை. 1939 ஆம் ஆண்டின் தொடக்கக் கதைகளைப் புரட்டினால் அங்கேயும் அவர் கொல்லத்தான் செய்கிறார். அந்த விரதம் அதன் பிறகு வந்தது. தம் சிறுவயதில் கேட்ட பாடத்தையே ஆதிப் பாடமாகக் கொள்வது ரசிகர்களுக்கு இயல்பு. சிவகாசியிலிருந்து 1972 இல் முத்து காமிக்ஸ் தந்த படக்கதை நாயகன் இரும்புக்கை மாயாவி, இங்கிலாந்திலிருந்து வந்தவர் என்பதையே அறியாமல் வளர்ந்த நாம் இதைச் சொல்லிக் குறைபட முடியாது.

ஸ்பைடர்மேனுக்கு வருவோம். 2002 இல் சாம் ரைமி எடுத்த படத்தில் வலை நாயகனின் மணிக்கட்டிலிருந்தே சுரக்கும். காமிக்ஸில் பீட்டர் பார்க்கர் தானே உருவாக்கிய கருவியால் வலை வீசுவான். பள்ளிப் பையனின் மூளையை அல்லவா பறித்துவிட்டீர்கள் என்று ரசிகர்கள் கொதித்தார்கள். அந்த வாதத்தில் நியாயம் இருந்தது. ஆயினும் அது நிற்கவில்லை. 2004 இல் காமிக்ஸே சில காலம் மணிக்கட்டு வலையை ஏற்றுக்கொண்டது! காரணம், ரைமி தொடாமல் விட்ட பிறப்பு. திருடனைத் தடுக்காமல் விட்டான், அதே திருடனால் பென் மாமா செத்தார், அந்தக் குற்ற உணர்வு அவனை விடவில்லை என்ற முடிச்சு அப்படியே இருந்தது.

இரண்டாம் பாகத்து ரயில் காட்சியை நினைவுகூருங்கள். ஓடும் ரயிலைத் தன் உடம்பால் நிறுத்திவிட்டு, முகமூடியின்றி மயங்கிச் சரிகிறான். பயணிகள் அவனைத் தலைக்குமேல் தூக்கி, கை மாற்றிக் கை மாற்றிப் பெட்டிக்குள் கொண்டுபோய்த் தரையில் கிடத்துகிறார்கள். ஒருவர் முகத்தைப் பார்த்துவிட்டு, என் மகனைவிடப் பெரியவனில்லையே என்கிறார். முகமூடியை எடுத்து வைத்திருந்த இரண்டு சிறுவர்கள், யாரிடமும் சொல்லமாட்டோம் என்று கொடுக்கிறார்கள். தமிழ் பேசும் அந்தப் பிரதியை நான் பார்த்த அரங்கில், வலை எங்கிருந்து வந்தது என்று கேட்க ஒருவரும் இல்லை.

எக்ஸ்-மென் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காமிக்ஸில் ஐந்தடி மூன்று அங்குலம் உள்ள வோல்வரினாக ஆறடி இரண்டு அங்குல ஹியூ ஜாக்மன், அதுவும் மஞ்சள் உடை இன்றிக் கறுப்புத் தோலில், 2000 இல் வந்தார். உயரத்தை எல்லாரும் மறந்தார்கள். மஞ்சள் உடையை மறக்கவில்லை. 2024 இல் அவர் அதை அணிந்து வந்தபோது ஆர்ப்பரித்தார்கள். ஆக, உடையைப் பற்றிய ஏக்கமும் சில நேரம் நீளும் என்று என் கருத்தை நானே கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன்.

கடைசியாக, 1978 இல் ரிச்சர்ட் டோனர் இயக்கிய 'சூப்பர்மேன்'. நாயகன் காதலிக்கும் லூயிஸின் வீட்டில், சாதாரண மனிதன் கிளார்க்காக வேடமிட்டிருக்கும் சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கூன் நிமிர்ந்து, குரல் தடித்து, உண்மையைச் சொல்ல வாய் எடுக்கிறார். மறுகணம் கண்ணாடி மாட்டிக்கொண்டு பழையபடி குறுகிவிடுகிறார். வேறெந்தத் தந்திரக் காட்சியும் இல்லாமல், ஒரே ஆள் இரண்டு ஆளாவதை அங்கே பார்க்கிறோம். இப்படிப்பட்ட படத்தின் முடிவில், பூமியைச் சுற்றிப் பறந்து காலத்தையே பின்னோக்கித் திருப்பி லூயிஸைப் பிழைக்க வைக்கிறார். இவ்வளவு சக்தி இருந்தும் வளர்த்த தகப்பனைக் காப்பாற்ற முடியவில்லையே என்று அழுத மகனின் கதை இது. அந்த அழுகைக்கு இனி என்ன பொருள் என்று ரசிகர்கள் இன்றும் கேட்கிறார்கள்.

பூமி திரும்பும் முடிவு உண்மையில் இரண்டாம் பாகத்துக்காக யோசிக்கப்பட்டது. முதல் பாகத்துக்கு இழுத்துக்கொண்டார்கள். இரண்டாம் பாகத்தின் நடுவில் டோனர் நீக்கப்பட்டு, ரிச்சர்ட் லெஸ்டர் முடித்து 1980 இல் வெளியிட்டார். ரசிகர்கள் விடாமல் கேட்டுக் கேட்டு, 2006 இல் டோனரின் வடிவம் வந்தது. அதிலும் பூமி பின்னோக்கிச் சுழல்கிறது. நடந்தவை யாவும் நடக்காதவை ஆகின்றன. பிறகு கிளார்க், தன்னை முன்பு அடித்த முரடனைத் தேடி அதே உணவு விடுதிக்குப் போய்ப் பழிதீர்க்கிறார். என் அருகில் உட்கார்ந்து பார்த்த அக்காள் மகன், "உலகத்தையே பின்னால சுத்தியாச்சுல்லா மாமா, பிறகு அவனை எதுக்கு அடிக்கான்?" என்று கேட்டான்.