டிக்கி இல்லாத வண்டிக்கு ஏன் இவ்வளவு குதூகலம்? (நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்)

வணக்கம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் திருநெல்வேலிக் குறுக்குத்துறைப் படித்துறையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். வாய் சும்மா இருக்காமல், நடுவில் "நேற்று எங்கள் வீட்டுக்கு ஸ்டேஷன் வேகன் வந்துவிட்டது" என்று சொல்லி, கேமராவை ஜன்னல் பக்கம் திருப்பி வாசலில் நின்ற வண்டியையும் காட்டிவிட்டேன். அவ்வளவுதான். படித்துறையை ஒருத்தரும் சீண்டவில்லை. வந்த கேள்வி எல்லாம் வண்டியைப் பற்றி.

அதில் ஒன்று மட்டும் என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது. அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு அன்பர் எழுதியிருக்கிறார். அப்படியே வாசிக்கிறேன்: "சார், நீங்கள் காட்டியது எர்டிகா. அது எம்பிவி. ஸ்டேஷன் வேகன் வேறு, அது வேறு. முப்பது வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவர் வகை தெரியாமல் பேசலாமா? அதுவும் டிக்கியே இல்லாத ஒரு வண்டிக்கு ஏன் இவ்வளவு குதூகலம்?"

ஒரு சந்தேகம் என்று ஆரம்பித்து இரண்டு கேட்டிருக்கிறார். பரவாயில்லை. முதலாவதை முடித்துவிடுகிறேன், இரண்டாவதுதான் எனக்குப் பேச ஆசை.

வகைப்படி அவர் சொன்னது சரி. முழு மார்க். கார் எந்த உயரமோ அதே உயரத்தில் கூரையை மட்டும் பின்கோடி வரைக்கும் இழுத்து, அங்கே ஒரு கதவு வைத்துவிட்டால் அது ஸ்டேஷன் வேகன். டிக்கி என்று தனி அறை கிடையாது, ஆளும் சாமானும் ஒரே கூரைக்குக் கீழே. எம்பிவி கொஞ்சம் உயரமாக இருக்கும், மூன்று வரிசை சீட்டு இருக்கும். என் வண்டி இரண்டாவது ரகம். ஒப்புக்கொண்டேன்.

ஆனால் அந்தப் பேர் எப்படி வந்தது என்று பாருங்கள். அமெரிக்காவில் ரயில் ஸ்டேஷனில் இறங்குகிறவர்களையும் அவர்கள் பெட்டி படுக்கையையும் வீட்டுக்கோ ஹோட்டலுக்கோ கொண்டுபோய் விடுவதற்கு, காரின் அடிச்சட்டத்தின் மேல் மரத்தால் கூண்டு கட்டி ஓட்டினார்கள். ஸ்டேஷனுக்குப் போய் வருகிற வேகன், ஆகவே ஸ்டேஷன் வேகன். தச்சுப் பட்டறையில் கட்டி வாங்கிக்கொண்டிருந்ததை 1929-இல் ஃபோர்டு கம்பெனியே மாடல் ஏ காரில் செய்து விற்க ஆரம்பித்தது. அப்போதும் மரம்தான். வருஷா வருஷம் வார்னிஷ் அடிக்க வேண்டும். இங்கிலாந்தில் இதற்கு எஸ்டேட் கார் என்று பேர். பிறகு 1984 மாடலாக கிரைஸ்லர் கம்பெனி மினிவேனை இறக்கியது, அமெரிக்கக் குடும்பங்கள் மெள்ள வேகனை விட்டு அதில் ஏறிக்கொண்டன. அந்த மினிவேனுக்குச் சொந்தக்காரன்தான் நம் ஊர் எம்பிவி. தாத்தா பேரைப் பேரனுக்கு வைப்பது நம் பக்கத்து வழக்கம். நான் வைத்துவிட்டேன்.

நமக்கும் இது புதிதில்லை. வில் வண்டியைப் பற்றி முன்பு பேசியிருக்கிறேன். வைக்கோல் பரப்பி அதன்மேல் ஜமுக்காளம், ஏறுவதும் இறங்குவதும் பின்பக்கம். ஆள் தனி, மூட்டை தனி என்ற பிரிவே கிடையாது. ஆச்சி மடியில் பேத்தி, பேத்தி காலடியில் பலாப்பழம். ஸ்டேஷன் வேகன் என்றால் அதுதானே?

இங்கே என் பழைய பாட்டை ஒருதரம் பாடிவிடுகிறேன். பழைய நேயர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். வண்டியைப் பின்னாலிருந்து பார்த்து வாங்குங்கள். முன்னால் பார்த்தால் எல்லா வண்டியும் மாப்பிள்ளை மாதிரிதான் இருக்கும். பின்கதவைத் திறந்து பார்த்தால்தான் குடும்பத்துக்கு ஆகுமா ஆகாதா என்று தெரியும்.

நம் நாட்டில் ஸ்டேஷன் வேகனை யாரும் பெரிதாகக் கேட்டு வாங்கவில்லை. டாடா எஸ்டேட் வந்தது 1992-இல். கொஞ்ச நாளில் வண்ணார்பேட்டையில் ஒரு டாக்டர் வீட்டு வாசலில் ஒன்று நிற்கும். நான் சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு அதையே பார்ப்பேன். கூட வந்த வாத்தியார் ஒருத்தர், "டாக்டர் வீடுல்லா, ஆம்புலன்ஸா இருக்கும்" என்றார். அந்த வண்டியின் தலையெழுத்தே அந்த ஒரு வரியில் இருக்கிறது. டிக்கி தள்ளிக்கொண்டு நின்றால் கார், இல்லாவிட்டால் வேன். 2004-இல் டாடாவே இண்டிகோ காரின் கூரையை நீட்டி மரீனா என்று விட்டார்கள். பெரிதாகப் போகவில்லை. அதே இண்டிகோவின் வாலை வெட்டி 2008-இல் சிஎஸ் என்று விட்டார்கள். அது ஓடியது! நாலு மீட்டருக்குள் அடங்கிய சின்ன காருக்கு வரி குறைவு என்று ஏற்கெனவே வைத்திருந்தார்கள், அதற்காக வெட்டிய வால். நீட்டினால் வரி, வெட்டினால் சலுகை என்றால் கம்பெனிக்காரன் எதைச் செய்வான்?

என் வண்டியின் நீளம் நாலு மீட்டருக்கு மேல். சலுகைக் கோட்டைத் தாண்டிவிட்டது. 2025 செப்டம்பர் 22-இல் ஜிஎஸ்டியை மாற்றியபோது சின்ன கார்களுக்கு 18 சதவீதம் என்றார்கள். இந்த ரகத்துக்கு 40. முன்னே வரியும் செஸ்ஸும் சேர்த்து 45 இருந்தது. குறைந்த அந்த அஞ்சைக் காட்டித்தான் வீட்டில் சம்மதம் வாங்கினேன்.

சரி, அண்டா கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லக் கூடாது என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள்.

ஷோரூமுக்கு நான் அண்டா எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் சாஸ்தா கோவில் தேரிக்காட்டுப் பக்கம். பங்குனி உத்திரத்துக்கு வருஷா வருஷம் போய்ப் பொங்கல் வைக்க வேண்டும். அதற்கென்று ஒரு பித்தளை அண்டா, நாற்பது லிட்டர் பிடிக்கும், என் அம்மா கொண்டு வந்த சீர். பழைய காரின் டிக்கி வாய்க்குள் அது நுழையாது. பதினைந்து வருஷமாக அது யாராவது ஒருத்தர் மடியில் உட்கார்ந்துதான் கோவிலுக்கு வந்திருக்கிறது. போன வருஷம் என் மச்சினன் மடியில். திருச்செந்தூர் ரோட்டில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவன் அண்டாவுக்குள் "ஐயோ" என்பான், உள்ளேயிருந்து எதிரொலி வரும்.

விற்பனைக்காரப் பையன் நல்ல பையன். "சார், மூணு வரிசையையும் போட்டிருந்தா பின்னாடி 209 லிட்டர், கடைசி வரிசையை மடிச்சா 550 லிட்டர்" என்று ஒப்பித்தான். "தம்பி, 209 லிட்டரில் என் அண்டாவைப் போல அஞ்சு அண்டாத் தண்ணியை ஊற்றலாம். ஆனால் ஒரு அண்டாவை வைக்க முடியுமா?" என்றேன். கொள்ளளவு வேறு, நுழைவு வேறு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க எனக்கு ஒரு வாரம் ஆகும். அந்தப் பையனுக்கு ஒரு நிமிஷத்தில் புரிந்தது, நான் அண்டாவை வெளியே எடுத்ததும்.

மூன்று வரிசையும் நிமிர்ந்து நின்றபோது அண்டா ஏறவில்லை. பின்கதவை இறக்கினால் விளிம்பில் இடிக்கிறது. அப்புறம் அந்தப் பையன் ஒரு வாரை இழுத்தான் பாருங்கள். கடைசி வரிசை பாதி பாதியாக மடங்குகிறது. ஒரு பாதி படுத்தது, அதில் அண்டா உட்கார்ந்தது. மறு பாதி நின்றது, அதில் ஒரு பிள்ளை உட்காரலாம். பிள்ளையும் அண்டாவும் பக்கத்தில் பக்கத்தில்! எனக்குக் கண் கலங்கிவிட்டது என்று மனைவி எல்லாரிடமும் சொல்கிறாள். ஏசி காற்று, வேறொன்றும் இல்லை.

கேஸ் சிலிண்டர் வைத்த வண்டியை ஏன் வாங்கவில்லை என்று இன்னும் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். செலவு மிச்சம்தான், மறுக்கவில்லை. ஆனால் சிலிண்டர் உட்காருகிற இடம் அண்டாவின் இடம். பின்கதவைத் திறந்து பாருங்கள் என்று ஏன் சொல்கிறேன்?

இப்போது குதூகலத்துக்கு வருவோம். அம்பாசமுத்திரத்து அன்பரே, நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. வண்டி வந்த அன்று யார் எங்கே உட்கார்ந்தீர்கள்? இதைக் கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

வண்டி தருகிற தேதி மூன்று தரம் மாறியது. நான்காம் தரம் சொன்னபோது யாரும் நம்பவில்லை, அதனால் வண்டி வாசலுக்கு வந்தபோது வீட்டில் பாதிப் பேர் குளிக்கவே இல்லை. அம்மாவுக்கு 82 வயது. பழைய காரில் ஏறுவது அவளுக்குக் கிணற்றுக்குள் இறங்குவது மாதிரி. கதவைப் பிடித்து, கூரையைப் பிடித்து, கடைசியில் தொப்பென்று விழுவாள். இறங்கும்போது இரண்டு பேர் தூக்க வேண்டும். இதில் சீட்டு அவள் இடுப்பு உயரத்துக்கு இருக்கிறது. முதுகைக் காட்டி உட்கார்ந்தாள், பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பினாள். யாரும் பிடிக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எய்யா, இது திண்ணை கணக்கா இருக்கு" என்றாள். அதற்குப் பிறகு அரை மணி நேரம் இறங்கவே இல்லை. காப்பியை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தோம். தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுப் பேசினாள்.

வயதானவர்கள் வீட்டில் இருந்தால் இதைச் செய்து பாருங்கள். ஷோரூமுக்கு அவர்களையும் கூட்டிக்கொண்டு போய் உட்காரச் சொல்லுங்கள். நான் அண்டாவைக் கூட்டிக்கொண்டு போனேன், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. திண்ணை அமைந்தது என் அதிர்ஷ்டம்.

பூஜை எல்லாருக்கும் தெரிந்ததுதான். தெருமுனைப் பிள்ளையார் கோவிலில் நாலு சக்கரத்துக்கு நாலு எலுமிச்சம்பழம், சந்தனம், குங்குமம், சூடம். மச்சினன் மட்டும் நம்பர் பிளேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். டிஎன் 72 வரைக்கும் சிரித்த முகம்தான். மீதி எண்களைக் கூட்டினதும், "அத்தான், எட்டு வருதே" என்றான். கணக்கு வாத்தியாரிடமே கூட்டல்! "72-ஐயும் சேர்த்துக் கூட்டுடே" என்றேன். ஒன்பதைச் சேர்த்தால் பதினேழு, மறுபடி எட்டு. ஒன்பதைக் கூட்டினால் இலக்கக் கூட்டல் மாறாது என்று நானே முப்பது வருஷம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், அந்த நேரம் பார்த்து மறந்துபோய்விட்டது.

சீட்டின் மேல் இருக்கிற பிளாஸ்டிக் உறையைப் பற்றி வீட்டில் இன்னும் தீர்ப்பு வரவில்லை. கிழிக்கலாம் என்பது நானும் பேரப்பிள்ளைகளும். ஒரு வருஷம் இருக்கட்டும் என்பது என் மனைவி. நம் ஊர் வெயிலில் மத்தியானம் அதில் உட்கார்ந்து எழுந்தால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. கடைசி வரிசையில் மட்டும் யாரோ ஒரு மூலையை விரல் அளவுக்குக் கிழித்திருக்கிறார்கள். தினம் கொஞ்சம் பெரிதாகிறது. யார் என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்.

பங்குனி உத்திரத்துக்குப் போய் வந்துவிட்டோம். அண்டா தன் இடத்தில், பக்கத்தில் பேத்தி, அவள் கை அண்டாவின் காதில். தேரியின் செம்மண் தெரியுமே உங்களுக்கு, மாவு மாதிரி இருக்கும். சீட்டு நகருகிற தண்டவாளத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை வைத்து இரண்டு நாள் தோண்டினேன். இப்போதும் சீட்டைத் தள்ளினால் நறநறவென்கிறது. புது வண்டி என்ற பயம் அந்தச் சத்தத்தோடு போயிற்று.

பேர் விஷயம் ஒன்று பாக்கி. முந்தாநாள் மகள் குடும்பம் சென்னையிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸில் வந்தது. நாலு பேர், ஏழு பை, அப்புறம் ஒரு சின்ன சைக்கிள். விடிகாலையில் வண்டியை ஜங்ஷனுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். பேரன் படியிறங்கி வரும்போதே, "தாத்தா, ஸ்டேஷன் வேகன் எங்க?" என்று கத்தினான். வீடியோ பார்த்திருக்கிறான். ஸ்டேஷனுக்குப் போய், ஆளையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்த வேகனை வேறு என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவது, அன்பரே?

ஏழு பையும் ஏறியது. சைக்கிளை மட்டும் முன்சக்கரத்தைத் திருப்பி வைக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் ஒருத்தர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார். விலை கேட்பார், இல்லாவிட்டால் மைலேஜ் கேட்பார் என்று நினைத்தேன். கதவை மூடினதும் கிட்டே வந்து, "அண்ணாச்சி, அந்தப் பின்கதவை இன்னொருக்க தொறங்க, பாப்போம்" என்றார்.

திறந்து காட்டினேன். இரண்டு தரம்.