அதிகாரம் கொடுத்தோம் என்றால் எதைக் கொடுத்தோம்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஒருவருக்கு அதிகாரம் அளிப்பது என்றால் அவரைத் தகுதிப்படுத்துவதா, முடிவெடுக்க விடுவதா என்பது தலைப்பு. தகுதிப்படுத்துவதே என்று எதிரணித் தோழி பேசினார். தையல் வகுப்பு, கேக் வகுப்பு, கணினிப் பயிற்சி, கடைசியில் சான்றிதழ் என்று அடுக்கினார். நல்ல காரியங்கள்தான், நானும் கை தட்டினேன். ஆனால் அதற்குப் பெயர் உதவி.

வெளிநாட்டில் இருக்கும் மகன், பினாங்கு வீட்டை விற்க அம்மாவுக்குச் 'சூராட் குவாசா', அதாவது அதிகாரப் பத்திரம், எழுதிக் கொடுக்கிறான். பிறகு அம்மா போடும் கையெழுத்து அவனையும் கட்டுப்படுத்தும். நிலச் சட்டம் படித்தீர்களா என்று அம்மாவை யாரும் கேட்பதில்லை. சட்டத்தில் இவ்வளவு கனமாக இருக்கிற சொல், மேடைக்கு வந்ததும் ஏன் இப்படி இளைத்துவிடுகிறது?

"முதலில் தகுதி வரட்டும், அப்புறம் அதிகாரம்" என்றார் தோழி. பினாங்கின் தலைநகர் ஜார்ஜ்டவுனில் நின்றுகொண்டா இதைச் சொல்வது? 1951இலேயே இங்கே நகராட்சித் தேர்தல் நடந்தது. 1957 ஜனவரியில், நாடு விடுதலை பெறும் முன்பே, இது மாநகரமானது. மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்தின் தொடக்ககால மேயர்களில் ஒருவர் யார்? டி.எஸ். இராமநாதன், நம்மவர்! அன்றைய வாக்காளர் எந்த வகுப்பில் சான்றிதழ் வாங்கிவிட்டு வந்தார்?

1965இல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காட்டி ஊராட்சித் தேர்தல்களை நிறுத்தினார்கள். தற்காலிகம் என்றார்கள். அடுத்த ஆண்டே மோதல் முடிந்தது, தேர்தல் திரும்பவில்லை. ஆத்தி நாகப்பன் தலைமையிலான அரச ஆணையம் தேர்தல் வேண்டும் என்றே பரிந்துரைத்தது; கேட்பாரில்லை. 1976 ஊராட்சிச் சட்டம் தேர்தலுக்கே கதவை அடைத்தது. தேர்தலை மீட்கப் பினாங்கு அரசு 2012இல் தானே ஒரு சட்டம் இயற்றிப் பார்த்தது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அது செல்லாது என்றது.

இன்று கவுன்சிலர்கள் நியமனத்தில் வருகிறார்கள். அவர்களில் வழக்கறிஞர் உண்டு, பொறியாளர் உண்டு. சரி, தகுதிக்குக் குறைவில்லை என்றே வையுங்கள். உங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், சாக்கடை அடைத்து வெள்ளம் வந்தால் அடுத்த முறை அவரை மாற்ற உங்களால் முடியுமா? 2019இல் திருத்திய அரசியலமைப்பின்படி 18 வயதுப் பிள்ளை நாடாளுமன்றத்துக்கே ஆள் அனுப்பலாம். அவனுடைய தாத்தாவுக்குக்கூடத் தெருவிளக்கைக் கவனிக்க ஓர் ஆளைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. அந்தத் தாத்தா இன்னும் எந்த வகுப்புக்குப் போக வேண்டும், தோழி?