வெட்டி எறியும் வால்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சத்தம் எழுப்பப் போகிறேன், கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். கிர்ர்ர்... கேட்டதா? ஒரு பிளாஸ்டிக் டையை இழுத்து இறுக்கிய சத்தம் அது. கேபிள் டை என்பார்கள், ஜிப் டை என்பார்கள். ஒயர்களைச் சேர்த்துக் கட்ட, செடியைக் குச்சியோடு கட்ட, பை வாயை இறுக்க என்று எங்கே பார்த்தாலும் இருக்கிறது. இப்போது இன்னொரு சத்தம். டிக். மிச்சமிருந்த வாலைக் கத்தரியால் வெட்டிவிட்டேன். அந்தத் துண்டு மேசைமேல் விழுந்து கிடக்கிறது. நான் பேச வந்தது அந்தத் துண்டைப் பற்றித்தான்.

பிளாஸ்டிக் பொருள்களுக்கு அச்சு வடிவமைப்பது என் தொழில். ஒருநாள் வேலை முடிந்து தரையைக் கூட்டும்போது இந்த வால்கள் ஒரு கைப்பிடி சேர்ந்திருந்தன. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கட்டிய ஒயர்க் கட்டின் குறுக்களவு 20 மி.மீ. அதைச் சுற்றிவர 63 மி.மீ போதும். நான் எடுத்த டையின் நீளம் 200 மி.மீ. ஆக, ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ 130 மி.மீ குப்பைக்குப் போகிறது. நூறு கட்டு கட்டினால் 13 மீட்டர்! கட்டுக்குள் வேலை செய்வதைவிட இரண்டு மடங்கு நீளம் வெளியே விழுகிறது.

அந்த வாலில் ஒரு குறையும் இல்லை. அதே நைலான், அதே பற்கள், அதே வலு. தலை ஒன்றுதான் இல்லை. பூட்டும் தலையை ஒரு முனையில் மட்டும் வைத்துவிட்டோம், அதனால் மீதி முழுவதும் வீண். இதைப் பயன்படுத்துபவரின் ஊதாரித்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். பொருளை வரைந்த எங்களைப் போன்றவர்களின் குறை இது.

முதலில் இதை உருவாக்கியவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அமெரிக்காவில் தாமஸ் அண்ட் பெட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த மாரஸ் லோகன், 1956-இல் போயிங் விமானத் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்கப் போனார். அங்கே ஆயிரக்கணக்கான ஒயர்களை மெழுகு பூசிய நூலால் முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முடிச்சையும் விரலில் சுற்றி இழுக்க வேண்டும். விரல் அறுபடும், அப்புறம் காய்த்துப் போகும். அந்தக் கைகளைப் பார்த்துத்தான் அவர் இந்த டையை யோசித்தார். 1958-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். விரலைக் காப்பாற்றுவது அன்றைய கவலை. வாலைப் பற்றி யோசிக்க வேண்டிய முறை நம்முடையது.

சரி, தலையில்லாத வாலுக்கு எப்படித் தலை கொடுப்பது? நீளம் முழுவதும் தலைகளாக வைத்துவிடலாம். ஒரு சின்ன ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஓரப் பட்டைகள், நடுவே படிகள், படிக்குப் படி இடையில் ஒரு கண். எந்தக் கண்ணுக்குள்ளும் முனையை நுழைத்து இறுக்கலாம். மிச்சத்தை வெட்டினால், வெட்டிய துண்டிலும் கண்கள் இருக்கும், அதுவும் ஒரு டை. இப்படிப்பட்ட ஏணி டைகள் ஏற்கெனவே சந்தையில் உண்டு, இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஆனால் அதை நன்றாகச் செய்வது எவ்வளவு கடினம் என்பது நானே ஒன்றை வரைந்து பார்த்தபோதுதான் புரிந்தது.

முதல் சிக்கல், பட்டை தன் அகலத்தைவிடக் குறுகிய தன் கண்ணுக்குள்ளேயே நுழைய வேண்டும். நுழைந்ததும் திரும்பி வரக் கூடாது. அதனால் ஒவ்வொரு கண்ணுக்கும் இரண்டு பக்கமும் தோள் மாதிரிப் புடைப்பு வைத்தேன். இழுக்கும்போது தோள் மடங்கி ஒடுங்கி உள்ளே போகும், மறுபக்கம் வந்ததும் விரிந்து பிடித்துக்கொள்ளும். வழக்கமான டைக்குரிய நைலான் 66 இதற்கு மிகவும் விறைப்பு. மடங்காது, வற்புறுத்தினால் வெள்ளைக் கோடு விழுந்து ஒடியும். நைலானுக்கு ஈரமும் வேண்டும். காற்றிலிருந்து நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டால்தான் அது துவளும், காய்ந்தால் மொறுமொறுவென்று ஆகிவிடும். டைகளை மூடிய பையிலேயே வைத்திருங்கள் என்று சொல்வது அதனால்தான். எனவே நைலானை விட்டு, ரப்பர்போல இழுபடும் பாலியூரித்தேனுக்கு மாறினேன்.

அச்சிலிருந்து வந்த முதல் மாதிரியை ஆசையோடு இழுத்தேன். படி நடுவில் சரியாக இரண்டாகப் பிளந்தது. இன்னொன்று எடுத்தேன், அதுவும் அதே இடத்தில். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், ஒவ்வொரு படியின் நடுவிலும் முடி அளவுக்கு ஒரு கோடு. உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் ஓடும்போது, கண்ணாக வேண்டிய இடத்தில் நிற்கும் எஃகுத் துண்டைச் சுற்றி இரண்டு கிளையாகப் பிரிகிறது. அதைத் தாண்டியதும் படியின் நடுவில் மறுபடி சந்திக்கிறது. அதற்குள் இரண்டு முனையும் கொஞ்சம் ஆறிவிடுவதால், ஒட்டினாலும் ஒன்றாகக் கலப்பதில்லை. அச்சுக்காரர்கள் இதை வெல்டு லைன் என்பார்கள். டையில் சுமை முழுவதும் விழுவது படியின் நடுவில். பலவீனமான கோடும் அங்கேயே! அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

எதை மாற்றினேன் என்றால், படியின் நடுவைத் தடிமனாக்கி, இரு கிளைகளும் சூடு குறையாமல் சந்திக்க அச்சின் வெப்பத்தைக் கூட்டினேன். சந்திக்கும் இடத்தில் அடைபடும் காற்று வெளியேற நுண்ணிய வழி வைத்தேன். கோடு மறையவில்லை, ஆனால் பிளப்பது நின்றது.

இழுபடும் தன்மை இன்னொரு உதவியும் செய்தது. நைலான் டையின் பற்கள் மிக நெருக்கமானவை, விரும்பிய இறுக்கத்தில் நிறுத்தலாம். என் ஏணியில் படிக்குப் படி 5 மி.மீ. ஒரு கண் தளர்வாக இருக்கும், அடுத்த கண் எட்டாது என்ற நிலை வருமே என்று பயந்தேன். ஆனால் பட்டையே கொஞ்சம் நீண்டு அடுத்த கண்ணை எட்டிவிடுகிறது, பிறகு சுருங்கி இறுக்கிப் பிடிக்கிறது. செடி கட்டுபவர்களுக்கு இது நல்லது. தண்டு பருத்தால் கட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்.

அதே காரணத்தால், கனமான பொருளைத் தொங்கவிட இதை எடுக்காதீர்கள். எப்போதும் சுமை தாங்கும் இடத்தில் மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போகும். எஞ்சின் பக்கம் போன்ற சூடான இடங்களிலும் வேண்டாம். அங்கெல்லாம் நைலான்தான் சரி. ஆனால் அங்கேயும் அளவு பார்த்து எடுங்கள். கட்டின் குறுக்களவை மூன்றேகாலால் பெருக்கி, தலைக்கும் பிடித்து இழுக்கவும் கொஞ்சம் சேர்த்தால் தேவையான நீளம் வந்துவிடும்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம் என்னை நிறைய நாள் படுத்தியது. வெட்டிய துண்டின் முனை மொட்டையாக இருந்தால் கண்ணுக்குள் நுழையாது, விரல் நகம் தேயும். எனவே கண்ணின் ஒரு பக்கத்தை அம்பு முனைபோல் கூராக்கி, எங்கே வெட்ட வேண்டும் என்று படியில் ஒரு மெல்லிய பள்ளம் வைத்தேன். அந்தப் பள்ளத்தில் வெட்டினால் அடுத்த டைக்குக் கூர்முனை தானாகக் கிடைக்கிறது. என் கையில் இப்போது இருக்கும் மாதிரி ஒரே பட்டையிலிருந்து நான்கு கட்டுகளைக் கட்டியது. மிஞ்சியது இரண்டு கண் அளவுள்ள துண்டு. அதற்கு என்ன செய்யலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வணக்கம்.