ஊருக்குப் போனா கோழியை யார் பாத்துக்குவாங்க?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ணு என்னை ரொம்ப நேரம் சிரிக்க வெச்சுது. அப்படியே படிக்கிறேன், கேளுங்க. "ஐயா, நீங்க பரம்பரைப் பணக்காரரா? அடிக்கடி எங்கயாவது கிளம்பிடறீங்க. முதுகுக்குப் பின்னாடி சுவர் முழுக்கப் புத்தகம். கோழி வேற வளர்க்கிறீங்க. காசு இல்லாதவனுக்கு இதுல எது முடியும்? அப்புறம் ஒரு சின்ன சந்தேகம், நீங்க ஊருக்குப் போனா கோழியை யார் பாத்துக்குவாங்க?"

தம்பி, முதல் கேள்விக்குப் பதில் ஒரே வரி. பரம்பரைப் பணக்காரன்லாம் இல்லை, கடன் இல்லாத குடும்பம், அவ்வளவுதான். அதுவே பெரிய கொடுப்பினைன்னு எனக்குத் தெரியும், அதை மறைச்சுட்டு உழைப்பைப் பத்திப் பிரசங்கம் பண்ண மாட்டேன். நீங்க கடைசியில போட்டீங்களே 'சின்ன சந்தேகம்'னு, எனக்குப் பேசணும்னு ஆசை அதைப் பத்திதான். ஆனா அதுக்கு முன்னாடி ஒருத்தரைப் பத்திச் சொல்லிடறேன். நீங்க கேட்ட நாலும், குடும்பச் சொத்து, பயணம், புத்தகம், கோழி, நாலுமே ஒரே ஆள்கிட்ட இருந்துச்சு. பரிணாமக் கொள்கையைச் சொன்னாரே, சார்லஸ் டார்வின்.

அப்பா மருத்துவர். வைத்தியத்துல சம்பாதிச்சதைவிட, கடன் கொடுத்தும் முதலீடு பண்ணியும் பெருக்கினதுதான் அதிகம். டார்வின் உலகம் சுத்தக் கப்பல் ஏறப் போறேன்னதும் அந்த அப்பா முடியாதுன்னுட்டாரு. வெட்டி வேலை, உருப்படாமப் போயிடுவேன்னாரு. தாய்மாமன் வந்து எடுத்துச் சொன்ன பிறகுதான் சரின்னு இறங்கி வந்தாரு. 1831 கடைசியில கிளம்பின கப்பல் திரும்பினது 1836-ல. அத்தனை வருஷச் செலவும் அப்பா கணக்கு. வாழ்நாள் முழுக்க டார்வின் ஒரு இடத்துல சம்பளத்துக்கு வேலை பார்த்ததே கிடையாது. ஆகவே தம்பி, காசு இருந்தா வசதிதான், நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி.

ஆனா அந்த ஆளோட கணக்கு நோட்டு இன்னும் இருக்கு. 1839-ல கல்யாணம் ஆச்சு, அதுலேருந்து சாகிற வரைக்கும் வரவு செலவு எழுதியிருக்காரு. சின்னச் செலவு வரைக்கும். நம்ம வழக்கமான ஆளுங்களுக்கு நான் அடுத்து என்ன சொல்லப் போறேன்னு தெரியும், சிரிக்காதீங்க. முதல் வேற, விளைச்சல் வேற. விளைச்சலைச் சாப்பிடு, முதல் பணத்துல கை வைக்காதே. வட்டியைப் பத்திப் பேசினப்ப சொன்னேன், வீடு வாங்கறதைப் பத்திப் பேசினப்ப சொன்னேன், இன்னிக்கும் சொல்றேன்.

கோழிக்கு வாங்க. பெட்டை முதல், முட்டை விளைச்சல். இதுவரைக்கும் யாருக்கும் புரியும். அந்தப் பெட்டை அடைக்கு உக்காந்துட்டா என்ன ஆகும்னு பாருங்க. முட்டை நின்னுபோச்சு. 21 நாள் உக்காருவா. நாளைக்கு ஒரு தடவை எழுந்திரிப்பா, கொஞ்சம் தீனி, கொஞ்சம் தண்ணி, ஒரு மண் குளியல், திரும்ப ஓடி வந்து உக்காந்துடுவா. உடம்பு இளைச்சுடும், கொண்டை வெளுத்துடும். குஞ்சு பொரிச்ச பிறகும் அதுங்களைக் கூட்டிக்கிட்டு சில வாரம் அலைவா, அப்பவும் முட்டை கிடையாது. அந்தக் குஞ்சுங்க வளர்ந்து முதல் முட்டை இட அஞ்சு மாசம், நாட்டு ரகமா இருந்தா இன்னும் தள்ளிப் போகும். அதாவது விளைச்சலை நிறுத்தி முதலைப் பெருக்கறா. நீங்க மாசம் கொஞ்சம் எடுத்து வைக்கிறது இதேதான். நடுவுல பொறுமை இல்லாம எடுத்துட்டா முட்டையும் போச்சு, குஞ்சும் போச்சு, கையில கூமுட்டை.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் ஒண்ணு இருக்கு. அவ பத்து முட்டையும் ஒரே நாள்ல இடறதில்லை. ஒரு முட்டை உள்ள உருவாகறதுக்கே 24-லேருந்து 26 மணி நேரம் ஆகும், அதுல பெரும்பகுதி ஓடு கட்டறதுக்கே போயிடும். அதனால முதல் முட்டைக்கும் கடைசி முட்டைக்கும் பல நாள் இடைவெளி. ஆனா குஞ்சு எல்லாம் ஏறக்குறைய ஒரே நாள்ல வெளிய வருதே, எப்படி? சூடு கிடைக்கிற வரைக்கும் முட்டைக்குள்ள வளர்ச்சி அப்படியே நின்னு காத்திருக்கு. அவ உக்காந்த நாள்தான் எல்லாத்துக்கும் முதல் நாள். ஏழாம் நாள் ராத்திரி முட்டையை எடுத்து டார்ச் மேல வெச்சுப் பாருங்க. உள்ள மெல்லிசா சிவப்பு நரம்பு கிளை கிளையா ஓடும், நடுவுல ஒரு கரும்புள்ளி அசையும். ஒண்ணுமே இல்லாமத் தெளிவா மஞ்சளா தெரிஞ்சா அது கரு கட்டாத முட்டை, எடுத்துடுங்க.

ஒரு நிமிஷம், சத்தம் கேக்குதா? சிவப்பி. இட்டுட்டா. இட்டா ஊரையே கூட்டுவா. கறுப்பி இருக்காளே, இட்டது யாருக்கும் தெரியாது, நாமதான் தேடணும். சரி.

டார்வினை விட்ட இடத்துக்கு வரேன். கப்பல்லேருந்து இறங்கினதுக்கு அப்புறம் அவர் உலகம் சுத்தல. வீட்டுல புறா வளர்த்தாரு. கோழியைப் பத்தித் தெரிஞ்சவங்களுக்கெல்லாம் கடிதம் எழுதித் தள்ளினாரு. பல நாட்டுலேருந்து தோலும் எலும்பும் வீடு தேடி வந்துச்சு. அதையெல்லாம் வெச்சு 1868-ல எழுதினாரு, வீட்டுக்கோழி எல்லாத்துக்கும் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழின்னு. பெரும்பாலும் சரிதான். ஒரே ஒரு திருத்தம் 2008-ல மரபணு ஆய்வுல வந்துச்சு. நிறைய கோழிக்குக் கால் மஞ்சளா இருக்கே, அந்த மஞ்சள் தோல் வந்தது சாம்பல் காட்டுக்கோழிகிட்டேருந்து. பயணம்னா நாமளே கிளம்பணும்னு என்ன, இப்படியும் ஒரு பயணம். புத்தகம் வாங்கக் காசு வேணுமேன்னு கேட்டீங்க. நூலகம் எதுக்கு இருக்கு? என் பின்னாடி இருக்கிறதுல பாதி பழைய புத்தகக் கடையில எடுத்தது, மேல் தட்டுல இருக்கிறது இன்னும் படிக்காதது. அதைப் பத்தி இன்னொரு நாள்.

இப்ப உங்க சின்ன சந்தேகம். நான் ஊருக்குப் போனா பக்கத்து வீட்டுப் பிள்ளை பாத்துக்குது. கூலி, அந்த நாள் முட்டை எல்லாம் அதுக்கு. தீனி பெரிய விஷயமே கிடையாது, ஒரு பெட்டைக்கு நாளைக்கு 100-லேருந்து 120 கிராம் போதும், தொங்கவிட்ட டப்பாவுல ரெண்டு மூணு நாளுக்குப் போட்டு வெச்சுடலாம். தண்ணி அதுமாதிரி ரெண்டு மடங்கு குடிக்கும், வெயில்ல இன்னும் அதிகம், அது தினமும் மாத்தியே ஆகணும். உண்மையான வேலை சாயங்காலம் கதவு சாத்தறது. இருட்டினா கோழிக்குக் கண் சரியாத் தெரியாது, தானா வந்து அடைஞ்சுடும். கதவு திறந்து கிடந்தா கீரியோ நாயோ காட்டுப்பூனையோ வரும், மொத்த முதலும் ஒரே ராத்திரியில போயிடும்.

அதனால கூட்டுக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கேன். "இருட்டினதும் எண்ணு. எண்ணின பிறகு சாத்து. ஒண்ணு குறைஞ்சா விறகுக்குப் பின்னாடி பார், கறுப்பி அங்கதான் முட்டை இடுவா. ரெண்டு தாழ்ப்பாளும் போடு, மேல் தாழ்ப்பாள் இறுகும், கதவைத் தூக்கிப் போடு." அந்த மேல் தாழ்ப்பாள் விஷயத்தை நான் எழுதாம விட்டா யாருக்கும் தெரியாது. என் கைக்கு மட்டும்தான் அது பழக்கம்.

தம்பி, குடும்பச் சொத்தைப் பத்தி என்கிட்ட கேட்டிருக்க வேண்டியது இதைத்தான். நீங்க பத்து நாள் இல்லைன்னா உங்க வீடு ஓடுமா? எந்தக் கணக்கு எங்க இருக்கு, யாருக்கு எவ்வளவு கொடுக்கணும், யார்கிட்டேருந்து வரணும், காப்பீட்டுப் பத்திரம் எந்த அலமாரியில, சாவி எங்க? நிறைய வீட்டுல ஒரே ஒருத்தர் தலைக்குள்ள எல்லாம் இருக்கும். அவர் போனதும் மிச்சப் பேர் உக்காந்து முழிப்பாங்க. பணம் இருந்தும் கைக்கு வராது. பெருசா சேர்த்த குடும்பத்துல இதை நான் அதிகமாப் பார்த்திருக்கேன், ஏன்னா அங்க கேக்கிறதே மரியாதைக்குறைவு. 'அப்பா, எங்க வெச்சிருக்கீங்க'ன்னு பிள்ளை கேட்டா, இவன் எப்ப போவேன்னு பாக்கிறான்னு அப்பா நினைச்சுக்குவாரு. அப்பாமாரே, அவன் கேக்க வேண்டாம், நீங்களே கூப்பிட்டு உக்கார வெச்சுக் காட்டுங்க. தாழ்ப்பாள் எப்படி இறுகும்னு சேர்த்துக் காட்டுங்க.

இன்னொரு கணக்கையும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்க. 72-ஐ வட்டி விகிதத்தால வகுத்தா, பணம் ரெட்டிக்க எத்தனை வருஷம்னு ஏறக்குறைய வந்துடும். 6 சதவீதம்னா 12 வருஷம். 1494-ல வெனிஸ்ல அச்சான ஒரு கணக்குப் புத்தகத்துலயே இது இருக்கு. விலைவாசிக்கும் இதையே போடலாம். வருஷம் 6 சதவீதம் ஏறினா, பெட்டியில பூட்டி வெச்ச பணத்தோட மதிப்பு 12 வருஷத்துல பாதி. பூட்டி வெச்சா முதல் பத்திரமா இருக்குன்னு அர்த்தம் கிடையாது.

சரி, கோழி வளர்க்கணும்னு உங்களுக்கு ஆசை இருக்குன்னு கேள்வியிலேயே தெரியுது. ஒத்தைக் கோழி வாங்காதீங்க, கூட்டம் இல்லாம அது வாடிடும். குறைஞ்சது மூணு வேணும். முட்டைக்குச் சேவல் தேவையே இல்லை, குஞ்சு வேணும்னாத்தான் சேவல். வெள்ளைக்கழிச்சல் நோய்க்குத் தடுப்பு மருந்து போட்டதான்னு விக்கிறவங்ககிட்ட கேட்டு வாங்குங்க. அப்புறம், பெட்டை அடைக்கு உக்காந்திருக்கிற சமயத்துல பயணத்துக்கு டிக்கெட் போடாதீங்க. 21 நாளை எண்ணிப் பாத்துட்டு, குஞ்சு இறங்கினதுக்கு ஒரு வாரம் தள்ளியே போடுங்க.

அடுத்த கேள்வி, படிக்கிறேன்.