கேள்வி-பதில்: "எங்க ஊர் எந்தக் கட்சி ஊர்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

ஒரு தம்பி கேட்டிருக்காரு: "அண்ணே, எங்க ஊர் சின்னப் பேரூராட்சி. எம்.பி. தேர்தல்ல ஒரு கட்சிக்கு ஓட்டு குவியுது, எம்.எல்.ஏ. தேர்தல்ல இன்னொரு கட்சிக்குக் குவியுது. காசு வாங்கிட்டு மாத்தி மாத்திப் போடுறானுங்கன்னு பெருசுங்க திட்டுறாங்க. எங்க ஊர் உண்மையிலேயே எந்தப் பக்கம்?"

தம்பி, நான் வளர்ந்த பக்கத்தையே வச்சுச் சொல்றேன். ஆண்டிபட்டி. வைகை அணைக்குப் பக்கம், நெசவும் மல்லிகையும் காட்டு வெள்ளாமையுமா ஓடுற ஊரு. வெளியூர்க்காரங்களைக் கேட்டா 'அதிமுக கோட்டை'ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருவாங்க. சும்மா சொல்லல. 1984ல எம்.ஜி.ஆர். அமெரிக்காவுல ஆஸ்பத்திரியில படுத்திருந்தாரு, ஒரு நாள்கூட ஓட்டுக் கேட்டு வரல, ஜெயிச்சாரு. 2002 இடைத்தேர்தல்லயும் 2006லயும் ஜெயலலிதா இங்கதான் ஜெயிச்சாங்க.

ஆனா நடுவுல 1989ன்னு ஒண்ணு இருக்கே! கட்சி ரெண்டா உடைஞ்சு, இரட்டை இலையை முடக்கிட்டாங்க. ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அம்மா அணிக்கு இரட்டைப் புறா. ஜானகி அம்மாவே ஆண்டிபட்டியில நின்னாங்க. எம்.ஜி.ஆரோட மனைவி, எம்.ஜி.ஆரோட தொகுதி. தோத்தாங்க. திமுக ஆசையன் ஜெயிச்சாரு.

எங்க அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அன்னைக்கு ஓட்டுச்சீட்டை வாங்கி மேல இருந்து கீழ வரைக்கும் இலையைத் தேடியிருக்கு. இல்லை. முத்திரைக் கட்டையைக் கையில வச்சுக்கிட்டே நின்னிருக்கு, பின்னாடி வரிசையில சத்தம் போட்டிருக்காங்க. வீட்டுக்கு வந்தும் எதுல குத்துச்சுன்னு கடைசி வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. ஒரு ஊரோட சாய்வுன்னு நாம சொல்றதுல பாதி, இப்படி ஒரு சின்னத்தோட பழகின கைதான் தம்பி. அந்தச் சின்னம் சீட்டுல இல்லாமப் போனா கை தடுமாறும்.

இப்ப உங்க கேள்விக்கு நேரா வர்றேன். 2019 ஏப்ரல் 18. தேனி எம்.பி. தேர்தலும் ஆண்டிபட்டி, பெரியகுளம் எம்.எல்.ஏ. இடைத்தேர்தலும் ஒரே நாள். ஒரே பூத்து, ரெண்டு மிஷின். எம்.பி. மிஷின்ல வெள்ளைத் தாள், எம்.எல்.ஏ. மிஷின்ல ரோஸ் தாள். முடிவு என்ன ஆச்சு? தமிழ்நாட்டுல அன்னைக்கு அதிமுக ஜெயிச்ச ஒரே எம்.பி. சீட்டு தேனி. அதே தேனிக்குள்ள இருக்கிற ஆண்டிபட்டியும் பெரியகுளமும் எம்.எல்.ஏவுக்குத் திமுக! காசுதான் காரணம்னா, ரெண்டு பட்டனுக்கு நடுவுல மனசு ஏன் மாறணும்?

எம்.பி. மிஷின்ல உதயசூரியனே கிடையாது. கூட்டணியில காங்கிரஸ், கை சின்னம், ஈரோட்டுக்காரர் இளங்கோவன். எதிர்ல ஓ.பி.எஸ். மகன், உள்ளூரு. ரோஸ் தாள்ல சூரியனும் இருக்கு, இலையும் இருக்கு. ஆண்டிபட்டியில ரெண்டுக்கும் நின்னது கூடப்பிறந்த அண்ணன் தம்பிங்க, மகாராஜனும் லோகிராஜனும். வேட்பாளர் ரெண்டு பேருமே ஒரே வீட்டுப் பிள்ளைங்க. அப்ப சாதியைக் கூட்டிக் கழிச்சு இந்த முடிவை யாராலயும் விளக்க முடியாது. அதிமுகவுல இருந்து பிரிஞ்ச டி.டி.வி. தினகரனோட அமமுக, இலை ஓட்டைப் பிரிச்சது பெரிய காரணம்தான், நான் இல்லைங்கல. ஆனா எம்.பி. தேர்தல்லயும் அமமுக பிரிச்சுச்சு, தங்க தமிழ்ச்செல்வன் 1 லட்சத்து 40 ஆயிரத்துக்கு மேல வாங்கினாரு, அப்பவும் இலை ஜெயிச்சுச்சே. அதே தங்க தமிழ்ச்செல்வன் 2024ல உதயசூரியன்ல நின்னு தேனி எம்.பி. ஆயிட்டாரு.

காசு இல்லைன்னு சொல்ல வரல. அந்தத் தேர்தலுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஆண்டிபட்டியிலயே வருமான வரித்துறை 1.48 கோடி ரூபாயைப் பிடிச்சுச்சு, போலீஸ் வானத்தைப் பார்த்துச் சுட வேண்டியதாச்சு. அது எனக்கு வெட்கமான விஷயம். ஆனா நாலு பக்கமும் கவர் வர்ற ஊர்ல, கவர் மட்டும் ஓட்டைத் தீர்மானிக்காது. அதனால நம்ம சனத்தை விலைபோனவங்கன்னு திட்டுறதை என்னால ஏத்துக்க முடியல.

உங்க ஊரைத் தெரிஞ்சுக்கணும்னா படிவம் 20 பாருங்க, எந்த வேட்பாளருக்கு எத்தனை ஓட்டுன்னு காட்டுற தாள் அது. தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரி வெப்சைட்ல பூத் வாரியா இருக்கும். உங்க ஊர் பூத்துகளை மட்டும் எடுத்து, நாலஞ்சு தேர்தலைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ஒவ்வொண்ணுலயும் யார் நின்னாங்க, எந்தச் சின்னம் சீட்டுல இருந்துச்சு, எந்தக் கட்சி உடைஞ்சிருந்துச்சுன்னு ஓரத்துல எழுதிக்கங்க. எல்லா வருஷமும் அசையாம நிக்கிற ஓட்டு எவ்வளவோ, அதுதான் சாய்வு. பேரூராட்சி வார்டு தேர்தலை இதோட கலக்காதீங்க, அங்க தெருவுல தெரிஞ்ச முகத்துக்குத்தான் ஓட்டு.

ஒண்ணு மனசுல வச்சுக்கங்க. அந்தப் படிவத்தைக் கட்சிக்காரங்களும் பார்ப்பாங்க. ஓட்டுச்சீட்டு காலத்துல பல பூத் சீட்டுகளைக் கலந்து எண்ண வழி இருந்துச்சு. மிஷின் வந்ததும் எந்தத் தெரு போடலைன்னு பளிச்சுன்னு தெரியுது. பல மிஷினைச் சேர்த்து எண்ணுற 'டோட்டலைசர்' கொண்டு வரலாம்னு தேர்தல் ஆணையம் 2008லயே கேட்டுச்சு, சட்ட ஆணையமும் 2015ல பரிந்துரைச்சுச்சு, இன்னும் வரல. நீங்க கணக்கெடுத்த பிறகு 'இந்தத் தெரு இந்தக் கட்சி'ன்னு வாட்ஸ்அப்ல போட்டுறாதீங்க தம்பி. தண்ணிக்குழாய் கேட்டுப் போய் நிக்கிறது அந்தத் தெருக்காரங்கதான்.

சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.