நிருபர் கூப்பிடும்போது டாக்டர் எங்கே?

எல்லாருக்கும் வணக்கம். டாக்டர்களும் செவிலியர்களும் சுகாதார ஆய்வாளர்களும் நிறைந்த அரங்கில் ஒரு பழைய நிருபரைப் பேச அழைத்திருக்கிறீர்கள். அதனால் எங்கள் பக்கத்துக் கதையையே சொல்கிறேன்.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தது ஞாபகம் இருக்கும். 9 மாதக் குழந்தையிலிருந்து 15 வயதுப் பிள்ளைகள் வரை ஊசி போட ஏற்பாடு. பள்ளிக்கு நர்ஸ் போவதற்குள் வாட்ஸ்அப் போய்விட்டது. ஊசி ஆபத்து என்று வதந்தி வீடு வீடாகப் பரவ, பல பெற்றோர் பிள்ளைகளுக்கு ஊசி வேண்டாம் என்றார்கள். அந்த மாதத்தோடு முடிய வேண்டிய முகாமை மார்ச்சுக்கும் நீட்டிக்க வேண்டியதாயிற்று. அரசு விளக்கம் சொல்லாமல் இல்லை, சொன்னது. ஆனால் சென்னையிலிருந்து வருகிற அறிக்கை வேறு, நம் பிள்ளைக்குச் சளி பிடித்தால் பார்க்கிற டாக்டர் உள்ளூர் கேபிள் டிவியில் உட்கார்ந்து, "என் பேரனுக்கும் போட்டாச்சு, பயப்படாதீங்கம்மா" என்று சொல்வது வேறு.

எங்கள் வேலை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். மாவட்டப் பக்கத்துக்குச் செய்தியை மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். மதியம் மருத்துவமனைக்குப் போன் செய்தால் "ஐயா ரவுண்ட்ஸ்ல இருக்காரு, நாளைக்கு வாங்க" என்று பதில். நாளைக்கு அது பழைய செய்தி. அப்புறம் என்ன, வாசலில் அழுதுகொண்டிருக்கும் உறவினர் சொன்னதுதான் அச்சில் வரும். 'மர்மக் காய்ச்சலுக்குச் சிறுமி பலி' என்ற தலைப்பைப் பார்த்து நீங்கள் எரிச்சல்படுகிறீர்கள், நியாயம்தான். ஆனால் அன்று யாராவது போனை எடுத்து, "ரத்த மாதிரி அனுப்பியிருக்கிறோம், முடிவு வரவில்லை, அதுவரை தண்ணீர்த் தொட்டியை மூடி வையுங்கள்" என்று சொல்லியிருந்தால், அதையும் போட்டிருப்போம். முடிவு வராததும் செய்திதான்.

பேசினால் விளம்பரம் ஆகிவிடுமோ என்று சிலர் தயங்குகிறீர்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகள் தன்னை விளம்பரப்படுத்திக்கொள்ளும் பேட்டியைத்தான் தடுக்கின்றன. பொதுச் சுகாதாரம் பற்றிச் சொந்தப் பெயரில் எழுதலாம், வானொலியிலும் டிவியிலும் பேசலாம் என்று அவற்றிலேயே இருக்கிறது. அரசு டாக்டருக்கு மேலதிகாரி அனுமதி வேண்டுமே என்பீர்கள். சரி, அதைக் காய்ச்சல் சீசன் தொடங்குவதற்கு முன்பே வாங்கி, யார் பேசுவது என்று ஒருவரை முடிவு செய்து, அவர் எண்ணை உள்ளூர் நிருபர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

நோயாளி பற்றி மட்டும் வாய் திறக்காதீர்கள். பெயர், படுக்கை, நோய் எல்லாம் நிருபருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தாலும் நீங்கள் உறுதிப்படுத்தக் கூடாது. 'இதை எழுதாதீங்க' என்று சொல்லிவிட்டு ரகசியம் பேசுவதும் வேண்டாம், எங்களை அவ்வளவு நம்பாதீர்கள்!

செய்தி தப்பாக வந்துவிட்டால் எழுதிய நிருபரையே அன்று காலையில் கூப்பிட்டு, எந்த வரி தப்பு, சரி எது என்று சொல்லுங்கள். மறுநாள் திருத்தம் வர அதுதான் வேகமான வழி. வக்கீல் நோட்டீஸ் எல்லாம் அப்புறம் பார்க்கலாம்.