லோடு ஏற்றிவிட்டவர் எங்கே?

நேயர்களுக்கு வணக்கம். சங்ககிரியில் முப்பது வருஷமாக லாரி வைத்திருக்கிறேன். அதற்கு முன்பு எட்டு வருஷம் நானே ஸ்டீயரிங் பிடித்தவன். ஒரே ஒரு விஷயத்தைத்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். லாரி மோதினால் டிரைவரைப் பிடிக்கிறோம், ஓனரைப் பிடிக்கிறோம். அந்த லோடைப் பேசி ஏற்றிவிட்ட புக்கிங் ஆபீஸ்காரர், அதாவது லோடு புரோக்கர், எங்கே?

தொப்பூர் கணவாய் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தர்மபுரியிலிருந்து சேலம் வரும்போது இறக்கம். பாரம் அதிகமானால் பிரேக் சூடேறும், சூடேறினால் பிடிக்காது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் என் டாரஸ் வண்டி நாசிக்கிலிருந்து மதுரைக்கு வெங்காயம் ஏற்றி வந்தது. 16 டன் ஏற்ற வேண்டிய வண்டியில் 22 டன். ரிட்டர்ன் லோடு கிடைக்காமல் மூன்று நாள் நின்ற வண்டி அது. சரி, ஏற்று என்று நானும்தான் சொன்னேன். அதை மறைக்க மாட்டேன். ஆனால் வழி நெடுக டிரைவருக்குப் போன் வந்துகொண்டே இருந்தது. "விடியறதுக்குள்ள மார்க்கெட்ல இறக்கணும், லேட்டானா வாடகை பேலன்ஸ்ல கழிச்சிருவோம்." புக்கிங் ஆபீஸ்காரர்தான். டிரைவர் தூங்கவே இல்லை.

தொப்பூர் இறக்கத்தில் வண்டி நிற்கவில்லை. முன்னால் பைக்கில் போன ஒரு பையனுக்கு ஒரு கால் போய்விட்டது. ரோடு முழுக்க வெங்காயம். அந்தப் பையனின் அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த கோலம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

நஷ்டஈடு கேட்டு கிளைம் கேஸ் வந்தது. ஒன்றாம் எதிர்மனுதாரர் டிரைவர், இரண்டாவது நான், மூன்றாவது இன்சூரன்ஸ் கம்பெனி. "வக்கீல் சார், லோடு கொடுத்தவர் பேரைக் காணோமே?" என்று கேட்டேன். "அவர் வண்டியும் இல்லை, அவர் ஓட்டவும் இல்லை" என்றார். டிரைவரின் லைசென்ஸ் புதுப்பிக்காமல் விட்டுப்போயிருந்தது. அதனால் கம்பெனி முதலில் பணம் கட்டி, பிறகு அதை என்னிடம் வசூலிக்கட்டும் என்று தீர்ப்பு. இன்னொரு லாரியை விற்றுக் கட்டினேன். கட்ட வேண்டியதுதான், அந்தப் பையனுக்குச் சேர வேண்டிய பணம் அது. புக்கிங் ஆபீஸ்காரர் என்ன செய்தார் தெரியுமா? நசுங்கின வெங்காயத்துக்கு என்று என் வாடகை பேலன்ஸைப் பிடித்துக்கொண்டார்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். 1865ஆம் வருஷத்துப் பழைய சட்டத்தை எடுத்துவிட்டு 2007இல் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் கொண்டுவந்தார்கள். சரக்கை ஏற்றிச் செல்பவர் என்பதில் புக்கிங் கம்பெனி, ஏஜென்ட், புரோக்கர் எல்லாரும் அடக்கம் என்று அதில் எழுதியே இருக்கிறது. ஆக, வெங்காயம் கெட்டால் புரோக்கரைக் கேட்க வழி உண்டு. ஆள் கால் போனால் கேட்க அப்படித் தெளிவாக ஒரு வரி இல்லை. திரும்பவும் சொல்கிறேன், வெங்காயத்துக்கு வழி உண்டு, காலுக்கு இல்லை.

ஓவர்லோடு அபராதத்தை 2019இல் 20,000 ரூபாய் ஆக்கினார்கள். கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய் தனி. ஓட்டுகிறவரை மட்டுமல்ல, ஓட்டச் செய்கிறவரையும் அந்தப் பிரிவு சொல்கிறது. ஆனால் செக்போஸ்டில் சிக்குவது கேபினில் இருப்பவர்தானே?

புரோக்கரையும் பொறுப்பாக்கினால், லோடு கொடுக்கும் முன் எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று), இன்சூரன்ஸ், லைசென்ஸ் எல்லாம் பார்த்துத்தான் கொடுப்பார். ஒரு பயமும் இருக்கிறது. எதற்கு வம்பு என்று ஐம்பது வண்டி வைத்திருப்பவருக்கே லோடு போய்விடும், ஒற்றை லாரிக்காரர் காத்துக் கிடப்பார். அதனால் பேப்பர் சரியாக இருக்கிற வண்டிக்கு, சின்ன ஓனர் என்று பார்க்காமல், லோடு கிடைக்க ஒரு வழியையும் சேர்த்தே செய்ய வேண்டும். இதைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன்...

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டுகிறார்கள். அமெரிக்காவைப் பற்றி ஒரு வார்த்தை மட்டும். அங்கே 1994இல் வந்த ஒரு மத்தியச் சட்டத்தைக் காட்டி, எங்கள் மேல் விபத்து வழக்கே போட முடியாது என்று வாதாடினார்கள் புரோக்கர்கள். போடலாம் என்று 2020இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது, முடியாது என்று 2023இல் இன்னொன்று சொன்னது. 2025இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றமே இந்தக் கேள்வியை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. நம் ஊரில் இந்தக் கேள்வியை யாராவது ஒரு வக்கீல் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் எழுப்பினால், சாட்சி சொல்ல நான் வருகிறேன். வணக்கம்.